கடைசி இடத்தில் நிற்கும் கதை: 'த ட்வின் டைலமா' ஏன் தோற்றது?

பிபிசி தொலைக்காட்சியின் 'டாக்டர் ஹூ' தொடரில், 21ஆம் பருவத்தின் இறுதிக் கதையாக வந்தது 'த ட்வின் டைலமா'. 1984 மார்ச் 22, 23, 29, 30 ஆகிய நாட்களில் நான்கு பகுதிகளாக ஒளிபரப்பானது. ஆறாவது டாக்டராகக் காலின் பேக்கர் நடித்த முதல் கதை இதுதான். எழுதியவர் ஆன்டனி ஸ்டீவன். இயக்கியவர் பீட்டர் மாஃபட். 2009இல் 'டாக்டர் ஹூ மேகசின்' இதழ் அதுவரை வந்த 200 கதைகளையும் வாசகர்களைக் கொண்டு மதிப்பிட்டபோது இந்தக் கதைக்குக் கிடைத்தது 200ஆவது இடம். 2014இல் மீண்டும் நடந்த வாக்கெடுப்பில் 241 கதைகள் இருந்தன. இதற்குக் கிடைத்தது 241ஆவது இடம்.

2009 பட்டியலின் உச்சியில் இருந்த கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தத் தோல்வியின் அளவு புரியும். முதலிடம் பெற்ற 'த கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோசானி' ஒளிபரப்பாகி முடிந்தது 1984 மார்ச் 16 அன்று. அதாவது ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்த கதைக்கும் காலடியில் தள்ளிய கதைக்கும் இடையே ஆறே நாள். இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே, ஜான் நேதன்-டர்னர். கதைப் பிரதிகளைச் செப்பனிட்ட ஆசிரியரும் ஒருவரே, எரிக் சாவர்ட். இரண்டிலும் பெரி என்ற அமெரிக்கப் பெண்ணாக நடித்தவர் நிக்கோலா பிரயன்ட். பணம், கருவி, ஆள்பலம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தும் விளைவு இப்படி மாறியது எதனால் என்பதே ஆராயத் தக்க கேள்வி.

டாக்டர் என்பவர் வேற்றுக் கோளைச் சேர்ந்த காலப் பிரபுக்கள் இனத்தவர். டார்டிஸ் என்ற கலத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து திரிபவர். சாவின் விளிம்பில் அவருடைய உடல் முழுவதுமாக மாறி, வேறு முகமும் வேறு சுபாவமும் கொண்டு எழும். முதல் டாக்டரான வில்லியம் ஹார்ட்னெல் 1966இல் விலகியபோது தொடரை நிறுத்தாமல் கொண்டு செல்வதற்காகக் கண்டுபிடிக்கப்பட்ட உத்தி இது. தொடரின் நீண்ட ஆயுளுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேறில்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றமும் ஆபத்தானது. முகம் மாறினாலும் ஆள் அவர்தான் என்ற நம்பிக்கையைப் பார்வையாளரிடம் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும்.

முந்தைய மாற்றங்களில் இந்த வேலை கவனமாகச் செய்யப்பட்டது. 1966 நவம்பரில் வந்த 'த பவர் ஆஃப் த டாலெக்ஸ்' கதையில் புதிய டாக்டரை அவருடன் பயணிப்பவர்களே சந்தேகிக்கிறார்கள். பார்ப்பவரின் மனத்தில் இருக்கும் கேள்வியைத் திரைக்குள் இருப்பவர்களே கேட்டுவிடுகிறார்கள். பதில் அடுத்தடுத்த வாரங்களில் வந்துகொண்டே இருக்கிறது. 1982 ஜனவரியில் வந்த 'காஸ்ட்ரோவால்வா'வில் பீட்டர் டேவிசனின் டாக்டர் நடக்கவும் முடியாத அளவுக்குத் தளர்ந்து கிடக்கிறார். தோழர்கள் அவரைப் பெட்டிக்குள் வைத்துச் சுமந்து செல்கிறார்கள். நலிந்தவர் மேல் இரக்கம் பிறப்பது இயல்பு. அந்த இரக்கத்தின் வழியே புதிய முகமும் மனத்துக்கு நெருக்கமாகிவிடுகிறது.

1984இல் நேதன்-டர்னரும் சாவர்ட்டும் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். டேவிசனின் டாக்டர் இளமையும் மென்மையும் கொண்டவர். அடுத்தவர் அதற்கு நேர் எதிராக, உரத்த குரலும் இறுமாப்பும், எப்போது வெடிப்பார் என்று சொல்ல முடியாத குணமும் உள்ளவராக இருக்கட்டும் என்று முடிவானது. காலின் பேக்கருக்கும் இதில் உடன்பாடு இருந்தது. ஜேன் ஆஸ்டின் நாவலில் வரும் டார்சியைப் போல, தொடக்கத்தில் விரும்பத்தகாதவராகத் தோன்றி, பருவங்கள் செல்லச் செல்ல உள்ளே இருக்கும் நல்லவர் வெளிப்பட வேண்டும் என்பது அவர் மனத்தில் இருந்த திட்டம். எண்ணத்தில் குறையில்லை. நாவல் வாசகர் ஒரே மூச்சில் ஐம்பது பக்கம் புரட்டிவிட முடியும். தொலைக்காட்சிப் பார்வையாளர் காத்திருந்துதான் ஆக வேண்டும். அவரைக் காத்திருக்க வைக்கும் அளவுக்கு முதல் கதையில் ஏதாவது பிடிமானம் இருந்திருக்க வேண்டும்.

கதை இது. ரோமுலஸ், ரீமஸ் என்ற இரட்டைச் சிறுவர்கள் கணித மேதைகள். பேராசிரியர் எட்ஜ்வொர்த் என்ற பெயரில் வரும் முதியவர் ஒருவர் அவர்களைப் பூமியிலிருந்து கடத்திச் செல்கிறார். அவர் உண்மையில் அஸ்மேல் என்ற காலப் பிரபு, டாக்டரின் பழைய ஆசிரியர், ஜகோண்டா என்ற கோளை ஆண்டவர். அந்தக் கோளை இப்போது ராட்சத நத்தை இனம் பிடித்துக்கொண்டுள்ளது. அதன் தலைவன் மெஸ்டரின் கட்டளைக்குப் பணிந்தே முதியவர் இதைச் செய்கிறார். இரண்டு சிறு கோள்களை இடம் நகர்த்தி ஜகோண்டாவின் சுற்றுப்பாதைக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான கணக்கைப் போட இரட்டையர் வேண்டும். கோள்கள் வந்தால் ஜகோண்டாவின் மக்களுக்கு உணவு பெருகும் என்று அஸ்மேல் நம்புகிறார். மெஸ்டரின் நோக்கம் வேறு. கோள்கள் சூரியனில் விழ, சூரியன் வெடிக்க, அந்த வெப்பத்தில் பொரியக்கூடிய நத்தை முட்டைகள் அண்டமெங்கும் சிதற வேண்டும்.

தலைப்பில் இடம்பெறும் இரட்டையருக்குக் கதையில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தங்கள் அறிவால் இன்னொருவர் உலகம் அழியப்போகிறது என்று தெரிந்தும் கணக்கைப் போடுவதா மறுப்பதா என்பதுதான் அவர்களுக்கு நேர வேண்டிய தர்மசங்கடம். அந்த இடத்துக்குக் கதை போகவே இல்லை. கடத்தப்படுகிறார்கள், மிரட்டப்படுகிறார்கள், மீட்கப்படுகிறார்கள். முதல் பகுதியின் பெரும் நேரம் டார்டிஸுக்குள் டாக்டரின் கொந்தளிப்பைக் காட்டுவதில் கழிகிறது. அவர் இரட்டையரின் கதைக்குள் வந்து சேர்வதற்கே நெடுநேரமாகிறது. இரண்டு தனிக் கதைகளை ஒட்டவைத்தது போன்ற உணர்வு கடைசிவரை நீங்குவதில்லை.

இந்தக் கதையின் பெயரைக் கெடுத்த காட்சி முதல் பகுதியில் வருகிறது. உருமாறிய டாக்டர் உடை மாற்றிக்கொண்டு நிற்கிறார். பெரி அந்த உடையைக் கண்டு முகம் சுளிக்கிறாள். கவிதை வரி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும் டாக்டரின் பார்வை மாறுகிறது. அவள் வேற்றுலக ஒற்றாள் என்று குற்றம் சாட்டி, அவள் மேல் பாய்ந்து கழுத்தை நெரிக்கிறார். கண்ணாடியில் தன் முகத்தைக் கண்ட பிறகுதான் பிடி தளர்கிறது. நடந்தது அவர் நினைவில் இல்லை. செய்ததைக் கேள்விப்பட்டதும், டைட்டன் 3 என்ற பாழ்நிலத்துக்குப் போய்த் துறவு வாழப்போவதாக அறிவிக்கிறார். பெரியும் சீடராக உடன் வர வேண்டுமாம். உயிருக்குப் போராடிய அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்பதில்லை, கதையும் கேட்பதில்லை.

இதன் கொடுமை முழுதும் தெரிய ஆண்ட்ரோசானி கதையின் முடிவை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அதில் டாக்டர், பெரி இருவருமே நஞ்சேறிச் சாகும் நிலையில் இருக்கிறார்கள். கிடைத்த மாற்று மருந்து ஒருவருக்குத்தான் போதும். டாக்டர் அதைப் பெரிக்குக் கொடுத்துவிட்டுத் தான் சாகிறார். அந்தச் சாவில்தான் காலின் பேக்கரின் டாக்டர் பிறக்கிறார். எந்தப் பெண்ணுக்காக உயிரை விட்டாரோ அவள் கழுத்தையே ஆறாம் நாள் நெரிக்கிறார். இந்த முரண் எழுத்தாளரின் திட்டமாக இருந்திருந்தால், அதை எதிர்கொள்ள ஒரு முழுக் கதை தேவைப்பட்டிருக்கும். இங்கே அது ஒரு சில நிமிட அதிர்ச்சியாக வந்து, சில வசனங்களில் கரைந்துபோகிறது. பெரியின் அச்சம் சற்று நேரம் அவள் முகத்தில் தெரிகிறது. பிறகு வழக்கம்போல ஓடவும் சிறைப்படவும் அவளை அனுப்பிவிடுகிறார்கள். பிரயன்ட் கிடைத்த இடத்திலெல்லாம் அந்த அச்சத்தைத் தக்கவைக்க முயல்கிறார். பிரதி அவருக்குக் கைகொடுக்கவில்லை.

உருமாற்றத்தின் பித்தம்தான் அது, டாக்டர் தன்வசம் இல்லை என்று சொல்லிச் சிலர் காட்சியைக் காக்க முனைவதுண்டு. கதைக்குள் அந்த விளக்கம் பொருந்தும்தான். ஆனால் பித்தம் தெளிந்த பிறகு வரும் மனிதர் எப்படிப்பட்டவர் என்று காட்டியிருந்தால்தானே அந்த வாதம் நிற்கும்? கதையின் கடைசிக் காட்சியில் பெரி அவருடைய கடுமையைச் சுட்டிக்காட்டும்போது, தான் டாக்டர்தான், அவளுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இதுதான் என்ற பொருளில் பதில் சொல்கிறார். அத்துடன் கதையும் பருவமும் முடிகின்றன. அந்தப் பதில் பெரிக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல என்பது வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் புரிந்தது.

உடையைப் பற்றிய பேச்சு இந்தக் கதையைப் பற்றிய எந்த விவாதத்திலும் தவறாமல் வரும். காலின் பேக்கர் விரும்பியது கறுப்பு வெல்வெட் உடை. தயாரிப்பாளரோ ரசனையே துளியும் இல்லாத உடை வேண்டும் என்றார். உடை வடிவமைப்பாளர் பாட் காட்ஃப்ரி அதைச் சொன்னபடியே செய்து கொடுத்தார்: ஒன்றோடொன்று ஒவ்வாத நிறங்களில் துண்டு துண்டாய் ஒட்டுப்போட்ட நீள் அங்கி, மஞ்சள் கோடு போட்ட கால்சட்டை, புள்ளியிட்ட கழுத்துக்கட்டு. அங்கியின் மார்பில் குத்திய பூனைச் சின்னம் மட்டும் நடிகரின் விருப்பம். தன்னந்தனியே நடந்த பூனையைப் பற்றிய கிப்ளிங் கதையிலிருந்து வந்தது. கெட்டிக்காரத்தனமான தையல் வேலை என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் சோகமோ அச்சமோ நிறைந்த காட்சியில் அந்த உடை நடிகரின் முகத்தோடு போட்டி போடுகிறது. பேக்கரின் நுட்பமான தருணங்கள் பல இந்த நிறக் கூச்சலில் அமுங்கிப்போயின. உடை ஒரு பிழைதான். ஆனால் தோல்விக்கு அதை மட்டும் காரணம் காட்டுவது, கதை செய்த பெரிய தவறை மறைத்துவிடும்.

பணத் தட்டுப்பாட்டையும் அடிக்கடி சுட்டுவார்கள். பருவத்தின் கடைசிக் கதை, கையிருப்பு கரைந்திருந்தது, ஆகவே ரப்பர் நத்தையும் மலிவான அரங்கமும் என்பது வாதம். மெஸ்டராக நடித்த எட்வின் ரிச்ஃபீல்ட் அனுபவமுள்ள நடிகர். அசையாத முகமூடிக்கும் பருத்த உடலுக்கும் உள்ளே அவருடைய நடிப்பு அடைபட்டுப் போனது உண்மை. ஆனால் ஆண்ட்ரோசானியும் அதே பருவத்தின் கடைசிப் பணத்தில், கற்சுரங்கத்திலும் அரங்கக் குகைகளிலும் எடுக்கப்பட்டதுதான். அதிலும் பார்ப்பவர் நெளியும்படியான ஒரு குகை மிருகம் உண்டு. அதைப் பார்த்தவர்கள் மன்னித்தார்கள், ஏனெனில் அச்சம் மிருகத்திடம் இருக்கவில்லை. ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய மனிதர்களின் பேராசையிலும் பழியுணர்விலும் இருந்தது. இயக்குநர் கிரேம் ஹார்ப்பர் கட்டுப்பாட்டு அறையில் உட்காராமல் அரங்கத் தரையிலேயே நின்று நடிகர்களை இயக்கினார். மாஃபட்டும் திறமை குறைந்தவர் அல்லர். முந்தைய ஆண்டில்தான் 20ஆம் ஆண்டு நிறைவுச் சிறப்புக் கதையான 'த ஃபைவ் டாக்டர்ஸ்' அவர் கையில் நல்லபடியாக வந்தது. பிரதியில் இல்லாத உயிரை இயக்குநர் கொண்டுவந்துவிட முடியாது.

பிரதியின் நிலை ஏன் அப்படி ஆயிற்று? ஸ்டீவன் தொலைக்காட்சியில் நெடுங்காலம் எழுதியவர், பழைய இலக்கியங்களை நாடகமாக்குவதில் பெயர் பெற்றவர். விண்வெளிக் கதை அவருக்குப் பழகிய களம் அன்று. பிரதி தாமதமானது, அவருக்கு உடல்நலமும் குன்றியது. சாவர்ட் பெரும்பகுதியை மாற்றி எழுத வேண்டிவந்தது. இரண்டு கைகளின் வேலை என்பது பார்க்கும்போதே தெரிகிறது. ஆடம்பரமான, நீண்ட வசனங்கள் ஒரு பக்கம். அவசரத்தில் ஓடும் நிகழ்ச்சிகள் மறுபக்கம். புதிய நாயகனை அறிமுகப்படுத்தும் கதையைத் தொடருக்குப் புதியவரான ஒருவரிடம் ஒப்படைத்த முடிவுதான் இங்கே விமர்சிக்கத் தக்கது. அந்தப் பருவத்திலேயே ஹோம்ஸ் போன்ற ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதால் இது இன்னும் உறுத்துகிறது.

அறிவியல் பக்கம் நெடிய ஆராய்ச்சி தேவையில்லை. நம் சூரியனின் நிறை பூமியைப் போல் ஏறத்தாழ 3,33,000 மடங்கு. அப்படிப்பட்ட ஒன்றில் இரண்டு சிறு கோள்கள் விழுந்தால் அது வெடிக்காது, விழுங்கிவிட்டு எரிந்துகொண்டிருக்கும். 'டாக்டர் ஹூ' எப்போதும் கறாரான அறிவியலைக் கொண்டு நடந்த தொடர் அல்ல என்பதால் இதைப் பெருங்குற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. அதே சமயம், சதியை டாக்டர் கண்டுபிடிக்கும் இடம் இந்தக் கதையின் நல்ல இடங்களில் ஒன்று. நத்தை முட்டை ஒன்றை எடுத்து, வெப்பத்தால் வெட்டும் கருவியால் அறுக்கப் பார்க்கிறார், ஓடு அசைந்துகொடுக்கவில்லை. இவ்வளவு வெப்பம் தாங்கும் ஓடு எந்த வெப்பத்துக்காகக் காத்திருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கி, வெடிக்கப்போகும் சூரியனில் போய் முடிக்கிறார். கையில் கிடைத்த பொருளைப் பார்த்து, தொட்டு, சோதித்து, உண்மைக்கு வந்து சேரும் பழைய டாக்டர் அந்த நிமிடங்களில் தெரிகிறார். கதை முழுக்க இந்த மனிதர் இருந்திருந்தால் வாக்கெடுப்புகள் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

மாரிஸ் டென்ஹமின் நடிப்பையும் குறிப்பிட்டாக வேண்டும். அஸ்மேலாக வரும் அவர், தன் மக்களைக் காப்பதற்காகக் குழந்தைகளைக் கடத்தும் இழிவுக்கு இறங்கிவிட்ட முதியவரின் வெட்கத்தைக் குரலிலேயே கொண்டுவருகிறார். மெஸ்டரின் மனம் அவருடைய உடலுக்குள் புகும்போது, உருமாற்றங்கள் எல்லாம் தீர்ந்துவிட்ட அவர் வேண்டுமென்றே இன்னொரு முறை உருமாற முயல்கிறார். அந்த முயற்சி மெஸ்டரையும் அவரையும் சேர்த்தே கொல்கிறது. டாக்டரின் மடியில் அவர் உயிர் விடும் காட்சியில் காலின் பேக்கர் குரலைத் தாழ்த்தி, ஆரவாரம் இல்லாமல் நடிக்கிறார். இந்த நடிகரால் என்ன முடியும் என்பதற்கு அப்போதே கிடைத்த சான்று அது. பின்னாளில் 'பைரட்ஸ் ஆஃப் த கரிபியன்' படங்களில் கிப்ஸாகப் புகழ்பெற்ற கெவின் மெக்னாலி இதில் ஹியூகோ லாங் என்ற விண்வெளிக் காவலராக வருகிறார். பாத்திரம் பாதியிலேயே நின்றுவிடுகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேதத்தைச் செய்தது நாட்காட்டி. முந்தைய புதிய டாக்டர்கள் பெரும்பாலும் பருவத்தின் தொடக்கத்தில் அறிமுகமானார்கள். அடுத்தடுத்த வாரங்களில் மக்கள் அவர்களோடு பழகிக்கொண்டார்கள். காலின் பேக்கரைப் பருவத்தின் முடிவில் அறிமுகப்படுத்த நேதன்-டர்னர் தீர்மானித்தார். இடைவெளியில் மக்கள் புதியவரை நினைத்துக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் கணக்கு. நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1984 மார்ச் 30 தொடங்கி 1985 ஜனவரி 5 வரை, ஒன்பது மாதங்களுக்கு மேல், அவர்களிடம் இருந்த ஒரே நினைவு இந்தக் கதைதான். நல்ல கதையாக இருந்திருந்தால் இதே ஏற்பாடு சாதுரியம் என்று புகழப்பட்டிருக்கும். விரும்பத்தகாத நாயகனைக் கொடுத்துவிட்டு, அவரை விரும்பத் தேவையான காலத்தைப் பறித்துக்கொண்டதில்தான் திட்டம் முறிந்தது.

தொடரின் வீழ்ச்சிக்கே இந்தக் கதைதான் வித்திட்டது என்ற கருத்தும் பரவலாக உண்டு. எண்கள் அதற்கு முழுதாக இடம் தரவில்லை. நான்கு பகுதிகளில் முதல் பகுதியை ஏறத்தாழ 76 லட்சம் பேரும் கடைசிப் பகுதியை 63 லட்சம் பேரும் பார்த்தார்கள். எட்டே நாளில் பத்து லட்சத்துக்கு மேல் குறைந்தது கவலைக்குரியதுதான். ஆனால் 1985 ஜனவரியில் 'அட்டாக் ஆஃப் த சைபர்மென்' கதையின் முதல் பகுதிக்கு ஏறத்தாழ 89 லட்சம் பேர் திரும்பி வந்தார்கள். மக்கள் புதிய டாக்டருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள் என்பதே இதன் பொருள். அந்தப் பருவத்தின் வன்முறை பற்றி எழுந்த கண்டனம், பிபிசி நிர்வாகத்தின் மனக்கசப்பு, செலவுக் கணக்கு எல்லாம் சேர்ந்துகொண்டன. 1985 பிப்ரவரியில் தொடர் தற்காலிகமாக நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. பிபிசி 1 அலைவரிசையின் கட்டுப்பாட்டாளர் அப்போது மைக்கேல் கிரேட். 18 மாத இடைவெளிக்குப் பின் 1986 செப்டம்பரில் 14 பகுதிகளாக வந்த 'த ட்ரையல் ஆஃப் எ டைம் லார்ட்' பருவத்தைப் பார்த்தவர்கள் 50 லட்சத்தை ஒட்டியும் அதற்குக் கீழுமே இருந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் காலின் பேக்கர் நீக்கப்பட்டார். உருமாறும் காட்சிக்காக மட்டும் வந்து நடித்துக் கொடுக்க அவர் மறுத்ததால், 1987இல் அடுத்த டாக்டர் சில்வெஸ்டர் மெக்காய் சுருள்முடி டோப்பா அணிந்து அவராகக் கிடந்து உருமாறினார். 1989 டிசம்பர் 6 அன்று பழைய தொடர் நின்றது. இத்தனைக்கும் ஒரே கதையைப் பொறுப்பாக்குவது நியாயமாகாது. சரிசெய்ய வேண்டியதைச் சரிசெய்ய இருந்த காலத்தைப் பின்வந்தவர்கள் தவறவிட்டதும் சேர்ந்தே அந்த முடிவு வந்தது.

அடிப்படை எண்ணம் தவறானதா என்ற கேள்விக்குப் பின்னாளில் இரண்டு இடங்களிலிருந்து விடை கிடைத்தது. தொடர் மீண்டும் தொடங்கிய பின், 2014 ஆகஸ்டில் 'டீப் பிரெத்' கதையில் பீட்டர் கப்பால்டியின் டாக்டர் அறிமுகமானபோதும், சிடுசிடுப்பும் கடுமையும் உள்ள, நம்பலாமா என்று தயங்கவைக்கும் ஆளாகத்தான் வந்தார். ஆனால் அவரோடு பயணிக்கும் கிளாராவின் காயமும் கோபமும் கதையின் நடுவில் வைக்கப்பட்டன. முடிவில் முந்தைய டாக்டரே தொலைபேசியில் வந்து, புதியவருக்கு உதவுமாறு அவளைக் கேட்டுக்கொள்கிறார். பார்வையாளரின் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுத்து எழுதியதால் அதே எண்ணம் அங்கே வேலை செய்தது. அடுத்த வாரமும் டாக்டர் திரையில் இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாவது விடை வானொலி நாடகப் பாணியில் வந்த ஒலிக்கதைகள். பிக் ஃபினிஷ் நிறுவனம் 1999 முதல் தயாரிக்கும் அவற்றில் காலின் பேக்கர் அதே டாக்டராகத் திரும்பினார். 2000இல் வந்த 'த மேரியன் கான்ஸ்பிரசி'யில் மேகி ஸ்டேபிள்ஸ் நடித்த எவலின் ஸ்மைத் என்ற வயதான வரலாற்றுப் பேராசிரியை அவருக்குத் துணையானார். டாக்டர் குரலை உயர்த்தினால் அதே இடத்தில் அடக்கக்கூடிய பெண்மணி அவர். இறுமாப்பு மெல்ல உடைந்து அன்பு வெளிப்படும் அந்த வளர்ச்சி, 1984இல் நடிகர் மனத்தில் இருந்த அதே திட்டம்தான். ஒலியில் அந்த அங்கியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆறாவது டாக்டரைக் கடைசி வரிசையில் வைத்திருந்த பலர் இந்தக் கதைகளைக் கேட்டு மனம் மாறினார்கள்.

ஆகவே 'த ட்வின் டைலமா'வுக்குக் கிடைத்த கடைசி இடம் கதைக்கு உரியது, நடிகருக்கு உரியது அல்ல. நத்தையும் உடையும் ஓட்டைச் சூரியக் கணக்கும் வேறு கதைகளிலும் உள்ள குறைகள். அவற்றை ரசிகர்கள் மன்னித்துப் பழகியவர்கள். நம்பிவந்த பெண்ணின் கழுத்தை நாயகன் நெரித்துவிட்டு, அதற்குப் பொறுப்பேற்காமலே விடைபெற்றதை அவர்கள் மன்னிக்கவில்லை. அந்தத் தீர்ப்பு சரியானது. காலின் பேக்கரை முதன்முதலாக அறிந்துகொள்ள விரும்புபவர் இந்தக் கதையில் தொடங்காமல், 'த மேரியன் கான்ஸ்பிரசி'யைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு 1984க்குத் திரும்புவது நல்லது.